கேற் இல்லாத கோட்டையில் நான் வென்றது எப்படி?

கொக்குவில்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தம்பி றோகானுக்கு,

உன் அக்கா றோஸ் எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தாலும் கிளினிக்கில் தரும் பிறசர் குளிசையாலும் அப்பா சுகமாக இருக்கிறார். உன் அத்தானும் நானும் அந்தக் குளிசை இல்லாமலே சுகம். கனடாவில் நீயும் ஜொய்சியும் பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தலையை மூடி, சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். இதை ஏன் வட்சப்பில் எழுதவில்லை என்று நினைப்பாய். வட்சப்பில் எழுதினால் நீ பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அந்த விளையாட்டு முடிந்த நாளிலிருந்து உன்னிடமிருந்து எனக்கு வந்ததெல்லாம் பெருவிரல்தான். நாலு விரலும் உள்ளங்கையும் உள்ள ஒரு தம்பி எனக்கு இருந்தான் என்பதை நினைவூட்டத்தான் முழுக் கடிதமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நான் உன்னை வென்றுவிட்டேன். ஆனால் எப்படி வென்றேன் என்று எனக்கு விளங்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவள் நான். எந்த அரசன் ஏன் வென்றான், ஏன் தோற்றான் என்று காரணம் எழுதாத பிள்ளைக்கு நான் புள்ளி போடுவதில்லை. என் சொந்த வெற்றிக்கு ஒரு காரணமும் எழுதத் தெரியாமல் இருக்கிறேன். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீயே பார்த்துச் சொல்.

செப்டெம்பரில் நான் வழக்கம்போல உன்னிடம், "எடேய், இந்த டிசெம்பர் நத்தாருக்காவது வாறியோ?" என்று கேட்டேன். நீ வழக்கம்போல லீவு இல்லை என்று சொல்லவில்லை. "அக்கா, பரமலிங்கம் அண்ணையின்ரை கொம்பியூட்டர் சென்ரரிலை விளையாடுவமே, அந்தக் கோட்டை கேம், ஞாபகமிருக்கோ? அதிலை நீங்கள் வெண்டால் நான் நத்தாருக்கு வாறன். நான் வெண்டால் இனி எப்ப வாறாய் எண்டு கேக்கப்படாது" என்றாய். அம்மாவை அடக்கம்பண்ணிய அன்று கொரோனாவால் உலகத்தில் ஒரு விமானமும் ஒழுங்காகப் பறக்கவில்லை. நீ கைபேசியில்தான் பார்த்தாய், அதுவும் பாதியில் அறுந்துபோனது. அதற்குப் பிறகு விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன, நீதான் தொடங்கவில்லை. இங்கே ஒருவரும் உன்னைக் குறைசொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கல்லறைக்கு முன்னால் வந்து நிற்க உனக்குக் கால் வரவில்லை என்பது, நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். அதனால், தோற்றால் இனிக் கேட்கவே முடியாது என்று தெரிந்தும், ஓம் என்றேன். இன்னொரு காரணம், என் ஞாபகத்தில் நான் அந்த விளையாட்டில் ஒரு விண்ணி, பெரிய கெட்டிக்காரி. கம்பஸில் படித்த நாளில், வகுப்பு முடிந்து வந்து, நீ பூனைமீசையோடு பக்கத்துக் கதிரையில் இருக்க, உன் கோட்டைகளை நான் வரிசையாக எரித்தது எனக்கு நன்றாக ஞாபகம்.

பரமலிங்கம் அண்ணை இப்போது மருதனார்மடச் சந்தியில் போன் திருத்துகிறார். போய்க் கேட்டேன். "என்னத்துக்குப் பிள்ளை உந்தப் பழசு? இப்ப வாற கேமிலை சண்டை பிடிக்கிறவனுக்கு வேர்க்கிறதுகூடத் தெரியும்" என்றார். "எனக்கு வேர்வை வேண்டாம் அண்ணை, தம்பி வேணும்" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஒரு பிஸ்கற் பேணிக்குள் கைவிட்டு, அந்த விளையாட்டின் சீடித் தட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, அத்தானுடைய லப்டொப்பில் எப்படியோ ஏற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால், றோகான், நான் என்ன சொல்ல? அகலமான திரையின் நடுவில், அடையாள அட்டைப் படம் அளவில் ஒரு உலகம். மரமெல்லாம் சந்தையில் வாடிப்போன கோவா இலை மாதிரி. படைவீரர் குத்தரிசி மாதிரி. இதைப் பார்த்தா அன்று நீயும் நானும் "அச்சொட்டாய் உண்மை மாதிரி" என்று வாயைப் பிளந்தோம்? ஆற்றங்கரைக்குப் போங்கள் என்று ஒரு படையை அனுப்பினேன். பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒருவரோடு ஒருவர் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றும் இவர்கள் இப்படித்தான் முட்டினார்களா, அல்லது வயது போனதால் முட்டுகிறார்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் இப்போது ஒரு அலுவலாகக் குசினிக்குள் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறவள்தான் என்பதால் அவர்களை ஏசவும் முடியவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம், அந்த விளையாட்டு எனக்காகக் காத்திருக்கவில்லை. முந்நூற்றுநாலு சீட்டு விளையாடினால், நீ ஒரு தாள் போட, நான் யோசித்து ஒரு தாள் போடுவேன். இங்கே நான் யோசித்துக்கொண்டிருக்க கொம்பியூட்டர் எதிரி கொட்டில் போட்டு, குதிரை வாங்கி, என் வீட்டையும் கொளுத்திவிட்டான். அன்று எப்படி இந்த வேகத்தோடு ஓடினேன்? விளையாட்டு அப்படியேதான் இருக்கிறது என்கிறார் பரமலிங்கம் அண்ணை. அப்படியென்றால் மாறியது யார் என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த விளையாட்டில் மரம் தறிக்கிற, வயல் செய்கிற குடியானவர்களை முன்பு நான் மனிதராக எண்ணியதே இல்லை. எதிரி வந்தால் அவர்களை முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் படை கட்டுவேன். இப்போது முடியவில்லை. ஒருத்தி வடக்கு மூலையில் தனியாக மரம் தறித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அங்கே அனுப்பியதையே மறந்துபோனேன். அவள் மறக்காமல் தறித்துக்கொண்டே இருந்தாள். ஐயோ பாவம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தான் எட்டிப் பார்த்து, "இஞ்சை பாரும் றோஸ், அது சனமில்லை, வெறும் புள்ளி" என்றார். "புள்ளியெண்டாலும் விடியத் தொடக்கம் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்றேன். அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அப்பாவோ கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆலோசனைக்கு இருந்துவிட்டார். அவருடைய ஆலோசனை ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை, முதல் மதிலைக் கட்டு. மதில் இல்லாத வளவு ஒரு வளவே? அவனவன் வந்து ஆட்டைக் கட்டுவான்." "அப்பா, முதல் சாப்பாட்டுக்கு வழி பாக்கவேணும்." "சாப்பாடு எங்கை ஓடிப்போகுது? எல்லை போனால் வருமோ?" கொக்குவிலில் பிறந்தவள் இதற்கு என்ன மறுமொழி சொல்வது? அத்திவாரம் போட முதல் மதில் கட்டிய வீடுகள்தானே எங்கள் ஒழுங்கை முழுக்க. அதனால் நாங்கள் குறித்த சனிக்கிழமை, எங்களுக்குப் பின்னேரம், உனக்குக் காலை, நீ போனில் "அக்கா, றெடியோ?" என்று கேட்டு விளையாட்டுத் தொடங்கியதும், நான் ஒரு வீரனும் உண்டாக்காமல் மதில் கட்டத் தொடங்கினேன். அப்பா விரலால் திரையைத் தொட்டு, "அந்தக் காட்டையும் உள்ளுக்கை எடு, அந்தத் தங்கக் கிடங்கையும் எடு, எல்லை மரம் எங்கடைதான்" என்று சொல்லச் சொல்ல, பாதி நாட்டை வளைத்துக் கட்டினேன். கட்டி முடிந்த பிறகுதான் போய்வர ஒரு கேற்றும் வைக்கவில்லை என்பதைக் கண்டேன். வைக்க முயன்றேன், அது வேறு எங்கோ ஒரு மாட்டுக்கொட்டிலை வைத்தது. சரி, உள்ளே எல்லாம் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அப்பா, "இவ்வளவு சனம் இருக்குது, ஒரு கோயில் இல்லையே பிள்ளை?" என்றார். நியாயமான கேள்வி. பட்டியலில் இருந்த கட்டடங்களில் பெரிய கோபுரம் உள்ளதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, மரமும் தங்கமும் சேரச் சேர எல்லாரையும் கூப்பிட்டு, வடக்கு மூலையில் நின்றவளையும் கூப்பிட்டு, கட்ட விட்டேன். கட்டி முடிந்ததும் திரையின் மேலே ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. லப்டொப் பற்றறி முடியப்போகிறது என்று நினைத்து, "இஞ்சருங்கோ, சார்ஜர் எங்கை?" என்று வீடு முழுக்க ஓடினேன். சார்ஜரோடு திரும்பி வந்து பார்த்தால் மதிலுக்கு வெளியே உன் படை. யானை, குதிரை, அவற்றுக்குப் பின்னால் கல்லெறிகிற பொறிகள் வரிசையாக. என் பக்கத்தில் ஒரு வேலைக்காரன் கையில் கோடாலி. அவ்வளவுதான் என் பாதுகாப்பு அமைச்சு.

நீ போனில், "அக்கா, கேற் எங்கை?" என்றாய்.

"கேற் இல்லையடா."

"அப்ப உங்கடை சனம் எப்பிடி வெளியிலை போறது?"

"ஏன் போகவேணும்? எல்லாம் உள்ளுக்கை இருக்கு. கோயிலும் கட்டியாச்சு."

நீ சிரித்தாய். சிறுவயதில் சிரித்தது மாதிரி, மூச்சு அடைக்கச் சிரித்தாய். ஆனால் உன் பொறிகள் ஒன்றும் அசையவில்லை. யானை ஒன்று மட்டும் வாலை ஆட்டியது. மணிக்கூடு ஓடி முடிந்தது, எக்காளம் ஊதியது, நான் வென்றேன் என்று திரையில் எழுத்து வந்தது. அப்பா, "சார்ஜர் போட்டதாலைதான்" என்றார். நீ, "சரியக்கா, வெண்டிட்டியள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து பெருவிரல்.

பரமலிங்கம் அண்ணையிடம் போய் விளக்கம் கேட்டேன். நான் கட்டியது கோயில் இல்லையாம், உலக அதிசயமாம். அது உடையாமல் குறித்த நேரம் நின்றால் கட்டியவருக்கே வெற்றியாம். "ஆனால் பிள்ளை, உந்த மதிலை உடைக்க அந்தப் பொறி ஒண்டே காணும். ஒரு வெத்திலை போடுற நேரம்தான்" என்றார். உன்னிடம் வரிசையாக நின்றது. ஒரு கல்லும் எறியவில்லை. ஏன்? எனக்கு இரக்கப்பட்டாயா? அந்தக் கோடாலிக்காரனைப் பார்த்துப் பாவம் என்று விட்டாயா? கோயில் என்று நான் சொன்னதால் கை வரவில்லையா? ஜொய்சி தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாளா? வர விருப்பம் என்றால் வருகிறேன் என்று சொன்னால் போதுமே, அதற்கு யானை எதற்கு? விருப்பமில்லை என்றால் ஏன் எறியவில்லை? இதை நான் பாத்திரம் கழுவும்போதும், விடைத்தாள் திருத்தும்போதும், இன்று பிரசங்கத்தின்போதும் யோசித்துப் பார்த்தேன். போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று அத்தான் கேட்டபோது, எக்காளத்தால் விழுந்த எரிகோவின் மதில் என்று பொய் சொன்னேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விட்டுக்கொடுத்த வெற்றி வெற்றியல்ல. அதைக் காட்டி உன்னை இழுத்து வருவது சரியல்ல. அம்மாவிடம் நீ வரவேண்டுமானால் உன் காலால், உன் மனதால் வரவேண்டும். என் மதிலால் அல்ல. ஆகவே அந்தப் பந்தயத்தை நான் இதனால் இல்லாமல் செய்கிறேன். நீ வரவேண்டிய கட்டாயம் இல்லை. நான் தோற்றதாகவே வைத்துக்கொள், இனி எப்ப வாறாய் என்று கேட்கவும் மாட்டேன். சனிக்கிழமைகளில் சும்மா கதைத்தால் போதும். உன் சத்தம் கேட்டால் போதும். விளையாட்டையும் லப்டொப்பிலிருந்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன், அப்பாதான் விடமாட்டேன் என்கிறார்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்து என்று எழுதியது வேத வசனத்தில் அப்படி இருப்பதால். நான் மறைமுகமாகக் கேட்டதாக நினைக்காதே. ஜொய்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன்னை ஒன்றும் கேட்காத,
அன்புள்ள அக்கா,
றோஸ்

பி.கு.: இதை அனுப்ப முதல் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்கையில் ஜொய்சி போன் எடுத்தாள். கொழும்பில் இருந்து வர வாடகைக்கு வான் பிடிக்க ஆளைத் தெரியுமோ என்று கேட்டாள். எந்த வான், யாருக்கு என்றேன். "ஐயோ மச்சாள், உங்களுக்கு இவர் இன்னும் சொல்லேல்லையோ? ரிக்கெற் ஓகஸ்ட்டிலையே போட்டாச்சு. இவ்வளவு நாளும் வராமல் இருந்திட்டு இப்ப என்னெண்டு போய் வாசலிலை நிக்கிறது எண்டு ஒரே யோசினை. தோத்துப்போனன், அதுதான் வந்தனான் எண்டு சொன்னால் ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினமாம். இப்ப உங்களோடை கதைச்சால் வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்டு பயந்துகொண்டு திரியிறார்" என்றாள். றோகான், மேலே எழுதியதில் ஒரு வரியையும் வாசிக்காதே. வாசித்திருந்தால் மறந்துவிடு. பந்தயம் பந்தயம்தான், வெற்றி என்னுடையதுதான், நீ முறையாகத் தோற்றாய், முறையாக வா. அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் உடுத்திருந்த சாரத்தை மாற்றாமலே ஒழுங்கைக்கு இறங்கி, வீட்டுக்கு வீடு மதிலுக்கு மேலால் எட்டி, "என்ரை பெடியன் தோத்துப்போனான்!" என்று அறிவித்துக்கொண்டு போகிறார். முன்வீட்டுக் குணலட்சுமி அக்கா பதறிப்போய், "ஐயோ, எதிலை தோத்தவர்?" என்று கேட்டா. "அதின்ரை பேர் எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனால் வாறான்" என்றார்.