சுமாவின் குரல்

சுமா மூன்றாவது தடவையாகப் பதில் சொன்னாள். தாமோதரனுக்கு அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"பயப்படாம சொல்லும்மா" என்றார்.

அவள் மறுபடியும் உதட்டை அசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தாமோதரன் தங்கவயல் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். பத்து வருஷம் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். சுரங்கத்தை மூடியபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. தம்மைவிடப் பத்து வயது சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் வாங்கினார். அவர்கள் ஒரு நாளும் அவரைக் கேலி செய்ததில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த நன்றிக்கடனைத் தம் வகுப்பில் தீர்க்க நினைத்தார். யாரும் கூசி ஒதுங்காத வகுப்பு வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அப்படி ஒரு வகுப்பு வாய்த்தும் இருந்தது. எழுந்து நின்றால் ஒவ்வொருவரும் கணீரென்று பேசினார்கள். பூதிகோட்டையிலிருந்து நடுவில் வந்து சேர்ந்த சுமா மட்டும் இப்படி. புது இடம், கூச்சம் என்று முடிவு கட்டினார்.

திங்கட்கிழமை அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். தண்டனை என்று நினைத்து அவள் தலையைத் தொங்கப்போட்டாள். இப்போது உதடும் தெரியவில்லை.

மறுநாள், யார் பேச்சைக் கேட்டும் யாரும் சிரிக்கக் கூடாது என்று வகுப்புக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். அதுவரை யாரும் சிரித்ததில்லை. இப்போது எல்லாத் தலைகளும் சுமா பக்கம் திரும்பின.

புதன்கிழமை, வாயால் சொல்ல வேண்டாம், பேப்பரில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். தன் பேச்சே சாருக்குப் பிடிக்கவில்லை என்று சுமா அழுதுவிட்டாள்.

அவளைத் தனியாக விடக் கூடாது என்று வியாழக்கிழமை மொத்த வகுப்பும் எழுத ஆரம்பித்தது. வருகைப் பதிவு எடுத்தபோது, 'உள்ளேன் ஐயா' என்று நாற்பது சீட்டுகள் மேஜைக்கு வந்தன.

தாமோதரன் ஆடிப்போனார். வகுப்பு முடிந்ததும் சுமாவை வராந்தாவில் நிறுத்தினார். பக்கத்தில் அட்டெண்டர் சைலஸ் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேலதாம்மா. தமிழோ கன்னடமோ, உனக்கு எது வருதோ அதுல பேசு. உன் பேச்சு எனக்கு வேணும்."

சுமாவின் முகம் தெளிந்தது. கையைக் கூப்பி என்னென்னவோ சொன்னாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் போன பிறகு தாமோதரன் திரும்பினார்.

"இன்னா சொல்லிச்சு, சைலஸ்?"

"ரொம்ப நன்றி சொல்லிச்சு சார். இவ்ளோ அக்கறையா யாரும் பார்த்துக்கினது இல்லியாம்" என்று சைலஸ் ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்தார்.

தாமோதரன் சுமா போன பக்கம் பார்த்தார். இவ்வளவு நல்ல பெண்ணுக்கு இப்படி ஒரு குரலா என்று வருத்தப்பட்டார். நல்ல டாக்டரிடம் காட்டினால் சரியாகுமா என்று கேட்டார்.

சைலஸ் ஜன்னலை விட்டுவிட்டுக் கிட்டே வந்து, வழக்கம்போல அவர் காதோரம் குனிந்தார்.

"அது குரல் நல்லாத்தான் கீது சார். உங்க காது விஷயத்த யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு புள்ளைங்களுக்குள்ள ஒரு கட்டு, அதான் புதுசா வந்ததுக்குத் தெரியல. மத்ததுங்கல்லாம் மொத நாள்லருந்தே உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினு கீதுங்க."