வேண்டாதவன்போல் வாங்கிய கேபிள்

மனிதகுலம் கண்டுபிடித்த சாஸ்திரங்களிலேயே உயர்ந்தது, தேவையான பொருளைத் தேவையில்லாதவன்போல் பார்ப்பதுதான். மற்ற சாஸ்திரங்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். இதை எங்கள் வியாபாரக் குடும்பத்தில் பாலோடு ஊட்டுவார்கள். நான் பால் பாட்டிலையே முதலில் தள்ளிவிட்டு, அப்புறம்தான் குடித்தேனாம். "பய பொழைச்சுக்குவான்" என்று அப்பா அன்றைக்கே பூரித்துப்போனாராம்.

போன சனிக்கிழமை நாலரை மணிக்கு இந்தச் சாஸ்திரத்துக்கு ஒரு சோதனை வந்தது. என் செல்போனில் ஐந்து சதவீதம் உயிர்தான் மிச்சம். சார்ஜர் கேபிள் காலையில் கழுத்து முறிந்து காலமாகியிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு வீட்டுக்காரர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மாடி வீடு, இரண்டு அறை, தனிக் குளியலறை. "நீங்க எடுக்கலைன்னா நாளைக்கே 'வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டிருவேன்" என்றும் எச்சரித்திருந்தார்.

'தனி' என்ற சொல்லின் அருமை, மச்சான் வீட்டில் ஏழு பேருக்கு ஒரே குளியலறை என்று நான்கு மாதம் 'விருந்தாளி'யாக இருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தக் கதவில் மச்சான் மனைவி கால அட்டவணை ஒட்டியிருந்தார். எனக்கு ஆறு பத்து முதல் ஆறு பதினாறு வரை. திங்கட்கிழமை மச்சானின் மாமியார் வருகிறார். அதற்குப் பிறகு அட்டவணையில் எனக்கு இடமே இல்லை.

ஆகவே மனைவியோடு கேபிள் வாங்கப் போனேன்.

கடை ஓர் ஆள் அகலம். மேலிருந்து கேபிள்கள் ஆலம்விழுதுபோல் தொங்கின. பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது, இன்னொரு குழந்தை அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

எங்கள் குலத்தில் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் கிடையாது.

"ஒண்ணும் வேணாம். சும்மா இந்தப் பக்கமா வந்தோம்."

"நாலு சதவீதம்" என்றாள் மனைவி, என் காதில்.

முதல் விதி: வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விலை கேள். கேட்டேன். இயர்போன் பெட்டிக்கு ஒரு உறை, அந்த உறைக்கு ஒரு சங்கிலி, சங்கிலி தொலையாமலிருக்க ஒரு கொக்கி என்று அறிவியல் எவ்வளவோ முன்னேறியிருந்தது.

"இந்த கவர் ராணுவத் தரம் சார். மூணாவது மாடியிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"ஃபோனுக்கா?"

"கவருக்கு."

"இந்த ஸ்க்ரீன் கார்டு கண்ணாடி?"

"ஒன்பது ஹெச் சார்."

"அப்படின்னா?"

"எட்டு ஹெச்சைவிட ஒண்ணு அதிகம்."

"நூறுன்னா யோசிக்கலாம்" என்றேன், கிடைக்காது என்ற தைரியத்தில்.

"எடுத்துக்குங்க சார்" என்று சொல்லி, என் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கேட்ட விலைக்கு உடனே தந்துவிட்டால் எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆமா, இந்தக் கேபிளையெல்லாம்கூட யாராவது வாங்குறாங்களா?"

அவர் என் செல்போன் திரையைப் பார்த்தார். "மூணு சதவீதத்துல இருக்கறவங்க வாங்குவாங்க சார். நானூறு."

"இருநூறு."

இரண்டாம் விதி: இந்தக் கட்டத்தில் மனைவி, "வாங்க போலாம், இதெல்லாம் நமக்கெதுக்கு" என்று சொல்ல வேண்டும். காதைச் சொறிந்து சைகை கொடுத்தேன்.

"வாங்கித் தொலைங்களேன்!" என்றாள்.

பாடத்தில் இது இல்லை. மறுபடியும் சொறிந்தேன்.

"காதுல என்ன பூச்சியா?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டாள். வசனம் பிசகினாலும் வெளிநடப்பு கச்சிதம்.

"பேரம் முடியற வரைக்குமாவது இது உயிரோட இருக்கட்டும்" என்று கடைக்காரர் ஒரு கேபிளைச் செல்போனில் செருகிவிட்டு, கண்ணாடியை ஒட்ட ஆரம்பித்தார். சரியாக ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார், உள்ள தூசி போயிரும்! ஸ்பீக்கர்ல பேசுங்க."

"என்ன சார், வீட்டை எடுத்துக்கறீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

'எடுத்துக்கறோம்' என்ற சொல் என் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தாண்டித் தொண்டைவரை வந்தது. அங்கே மூன்று தலைமுறை குறுக்கே நின்றது.

"எந்த வீடு?" என்றேன்.

"மாடி வீடு சார். நேத்து வந்து அரைமணி நேரம் பாத்ரூம்லயே நின்னீங்களே!"

"ஓ, அதுவா? ஜன்னல் கொஞ்சம் மேற்கே பாத்திருக்கு. வேற ரெண்டு இடமும் கைவசம் இருக்கு. வாடகையைக் கொஞ்சம் குறைச்சீங்கன்னா... பாத்துட்டு சொல்றோம்."

மூன்றாம் விதி: இதைச் சொன்னபின் வாய் திறக்காதே. முதலில் பேசுகிறவன் தோற்றான். நான் பேசவில்லை. வீட்டுக்காரரும் பேசவில்லை. எனக்கு வேர்த்தது. பேசவில்லை.

கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு காற்றுக்குமிழியைக் கட்டைவிரலால் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், செல்போனைப் பார்த்துக் குனிந்தபடியே பேசினார்.

"ஐயா, எனக்கு வேணும்."

"யாரது?"

"இங்க செல்போன் கடை வச்சிருக்கேங்க. கடைக்குப் பின்னாலயே ஒரு ரூம்ல அஞ்சு பேர் இருக்கோம். நீங்க சொன்ன வாடகை தரேன். இப்பவே அட்வான்ஸோட வரேன். எங்க வரணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் விலாசத்தைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

சட்டப்படி, முதலில் பேசிய கடைக்காரர் தோற்றார். கடைசிவரை வாய் திறக்காத நான் ஜெயித்தேன். வீடு அவருக்குப் போனது என்பது ஒரு சில்லறை விவரம்.

"கேபிளுக்கு நீங்க கேட்ட இருநூறே போதும் சார்" என்று சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கினார். பின்னால் தொங்கிய திரையைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, கிளம்பு! பாத்ரூமோட வீடு!"

மனைவி தெருமுனையில் நின்றிருந்தாள்.

"ஃபோன் வந்துச்சா?"

"முதல்ல இதைக் கேளு. நானூறு சொன்னவன் இருநூறுக்கு இறங்கிட்டான்!"

"ஃபோன் வந்துச்சான்னு கேட்டேன்."

விதி ஒன்று, விதி இரண்டு, விதி மூன்று என்று வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பவும் நீங்க 'பாத்துட்டு சொல்றோம்'னுதானே சொன்னீங்க?"

"பின்னே?" என்றேன், நெஞ்சு நிமிர. "பதினோரு நாள் வாயே திறக்கலையே நாங்க!"

"அன்னிக்கு உங்க பக்கத்துல ஒரு கேபிள் கடைக்காரன் இல்லாம போயிட்டானே" என்றாள்.