இஷ்டத்துக்குப் போட்டுக்கோங்க

"உங்க இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் தனி இனம். அதட்டி வேலை வாங்குகிறவரைக்கூடச் சமாளித்துவிடலாம். அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள நமக்கு ஒரு காரணமாவது கிடைக்கும். இவரிடம் அதுவும் கிடைக்காது. முழுச் சுதந்திரத்தையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து லேசாக இடப்பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான் செய்வார். அதைத்தான் செய்துகொண்டே இருப்பார்.

இவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் வீட்டில் பீட்சா செய்கிற நாளில் போக வேண்டும். மற்ற சமையலில் ஒருவர் சமைப்பார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள். யாருக்கும் எந்த உரிமையும் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை. பீட்சாவில்தான் மாவு பொது, மேலே போடுவது அவரவர் விருப்பம். உரிமை கொடுத்தால்தானே பறிக்க முடியும்? நானும் நாலு தேசத்து அடுக்களைகளில் தட்டை நீட்டிவிட்டு வந்தவள். மொழி மாறுகிறது, உப்பு மாறுகிறது, இந்த இனத்தின் விரல் மட்டும் மாறுவதே இல்லை. ஆனாலும் இதில் உச்சாணிக் கொம்பு என் அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறது.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, வீட்டையே மருத்துவமனை ஆக்கிவிடுவார். டிவி சத்தம் கூடாது. கதவை அடித்துச் சாத்தக் கூடாது.

"மாவு தூங்குது," என்பார் மெதுவாக.

"பெத்த பொண்ணு தூங்கினப்ப ஒரு நாள் இந்த டிவிய குறைச்சிருப்பீங்களா?" என்பாள் அக்கா.

மாலையில் மாவு எழுந்ததும் ஆளுக்கொரு மரப்பலகை, அதில் வட்டமாகத் தட்டிய மாவு, நடுவில் கிண்ணங்கள்: தக்காளிச் சாஸ், சீஸ், குடைமிளகாய், வெங்காயம், காளான், ஆலிவ், சோளம். அத்தான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசையின் தலைமாட்டில் நின்று, பதவி ஏற்கிறவர் மாதிரி அறிவிப்பார்: "யாரும் யாரையும் கேக்க வேண்டாம். உங்க பீட்சா, உங்க இஷ்டம். நான் தலையிடவே மாட்டேன்."

பிறகு தலையிடுவார்.

அன்று மாடி வீட்டுப் பல் டாக்டரும் வந்திருந்தார். பாவம், புதுசு, நிஜம் என்று நம்பிக் காளானை அள்ளினார். அத்தான் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சு மட்டும் விட்டார்.

"என்ன சார், அதிகமோ?"

"சேச்சே, உங்க இஷ்டம் சார். சும்மா ஒரு யோசனை, அவ்வளவுதான். காளான் தண்ணி விடும். எதைப் போட்டாலும் ஒண்ணுக்கொண்ணு இடைவெளி வேணும். அதுக்கும் மூச்சு விடணும்ல?" சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல இரண்டே விரலால் காளான்களை எடுத்து இடம் மாற்றினார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனிதர், தன் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அக்காவின் பலகை, அடுத்து என்னுடையது. அக்கா எதிர்ப்பதையெல்லாம் எப்போதோ விட்டாயிற்று. பலகையை அவர் பக்கமே தள்ளி, "நீங்களே முடிச்சிடுங்க," என்று போனைப் பார்க்கத் தொடங்கினாள். "ஐயோ, அது உன் பீட்சாம்மா," என்றபடி அவர் முடித்துக்கொடுத்தார்.

போராட்டமெல்லாம் வாண்டுக்குத்தான். வாண்டு அவர்கள் மகள், நாலாம் வகுப்பு. அவளுக்குச் சோளம் பிடிக்கும். அதை நட்டநடுவில் மலைபோலக் குவித்து, சுற்றிலும் வேறு ஒன்றும் போடாமல் தின்ன வேண்டும். மொத்த ஆசையே இதுதான். எத்தனையோ ஞாயிறு குவித்திருக்கிறாள். எத்தனையோ ஞாயிறு அந்த மலை சமவெளியாகி, மேலே ஆலிவ் முளைத்து ஓவனுக்குள் போயிருக்கிறது. ஒருமுறை அழுதுகூடப் பார்த்தாள். "உன் இஷ்டம்தாண்டா கண்ணா, அப்பா சும்மா பரப்பித்தானே விட்டேன்?" என்றார். இப்படிக் கேட்பவரிடம் என்ன சொல்லி அழுவது?

அன்றும் மலை எழுந்தது. அத்தான் தன் பலகையில் குடைமிளகாயும் ஆலிவும் அளந்து வைத்ததுபோல அடுக்கிவிட்டு, "ஓவன் சூடாயிடுச்சான்னு பாத்துட்டு வரேன்," என்று உள்ளே போனார். வாண்டு எழுந்தாள். தன் பலகையைத் தலைமாட்டில் வைத்தாள், அப்பாவின் பலகையைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள், உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உப்பு ஜாடியைப் பார்த்தேன்.

அத்தான் வந்தார். நேராக மகளிடம்தான் வந்தார்.

"என்னடா இது, ஸ்கேல் வச்சு அடுக்கின மாதிரி? சாப்பாட்டுல ஒரு உயிர் வேணாமா? எத்தனை தடவ சொல்லியிருக்கேன்." இரண்டு விரல் இறங்கியது. அவர் வைத்த ஆலிவை அவரே எடுத்தார், அவர் வைத்த குடைமிளகாயை அவரே கலைத்தார், மேலே கொஞ்சம் சோளமும் தூவினார். வாண்டு தலையைக் குனிந்து "சரிப்பா," என்றாள்.

பிறகு அவர் கண் தலைமாட்டுப் பலகைக்குப் போனது. மஞ்சள் மலை. புருவம் சுருங்கியது. வாண்டு மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். நானும்தான். அவர் பலகையின் மேல் குனிந்தார், கையைத் தூக்கினார், பின் அது யாருடைய இடம் என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கையை இறக்கிவிட்டார்.

"டாக்டர் சார், இதைக் கவனிச்சீங்களா? நடுவுல குவிச்சு வச்சா ஈரமெல்லாம் அங்கேயே நின்னுடும். ஓரம் மொறுமொறுன்னு வரும். நிறைய பேருக்கு இது தெரியாது."

"எனக்கும் இப்பத்தான் தெரியும் சார்," என்றார் டாக்டர்.

வெந்து வந்தது. அவரவர் பலகை அவரவர் இடத்துக்குத் திரும்பியது. அங்கேதான் சிக்கல். மலை பிழைத்துவிட்டது, ஆனால் அப்பா முன்னால் இருந்தது. அவர் வெட்டும் சக்கரத்தைக் கையில் எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிறு இந்த வழியும் அடைபடும். சொல்லாவிட்டால் சோளம் கண் முன்னால் அப்பா வாய்க்குள் போகும்.

"அப்பா," என்றாள் வாண்டு. குரலில் தேன். "உங்க கைப்பக்குவம் எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க செஞ்சத நான் சாப்பிடவா? என்னோடத நீங்க எடுத்துக்கோங்க."

அத்தான் சக்கரத்தைக் கீழே வைத்தார். கண் லேசாகக் கலங்கியதோ என்னவோ. "பாத்தியா," என்றார் அக்காவிடம், "புள்ளைக்குப் புரியுது." பலகையை அப்படியே, ஒரு துண்டுகூடக் குறையாமல், மகள் பக்கம் தள்ளினார்.

வாண்டு மலையின் உச்சியில் கடித்தாள்.

அத்தான் தன் பீட்சாவை மென்றார். இன்னொரு முறை மென்றார். "ம், பரவால்ல. கடைசியில நான் கொஞ்சம் தொட்டதால தப்பிச்சுது. ஆனா இன்னும் கத்துக்கணும்."

அக்கா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் சமீபத்தில் யாராவது, காரணமே இல்லாமல், "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லி உங்கள் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்களா? நீங்களும் நெஞ்சு நிறைந்து கொடுத்தீர்களா?

அடுத்த முறை சாப்பிடும் முன், தட்டில் இருப்பது யார் செய்தது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு யோசனை, அவ்வளவுதான். உங்கள் இஷ்டம்.