மூணரை அடி ரோட்டவேட்டர்

இந்தத் தடவை முடிவு தன்னுடையதுதான் என்று மேலூர் வாழைத் தோட்டக்காரர் பிச்சமுத்து தீர்மானம் செய்தபோது, மன்னார்புரத்தில் அப்துல் அஹதின் விவசாயக் கருவிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். சுவருக்கு என்ன பெயிண்ட், மகளுக்கு எந்த மாப்பிள்ளை, அவருக்கே என்ன சட்டை, எல்லாம் மனைவி செல்லக்கிளிதான். போகட்டும். ஆனால் டிராக்டர் ஆம்பளை சமாச்சாரம்!

டிராக்டர் என்றால் ஏறி உட்காருகிற டிராக்டர் இல்லை. ரெண்டு சக்கரம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். அது ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர்தான் பாக்கி. கடையில் ரெண்டடி அகலத்தில் ஒன்று இருந்தது, மூணரை அடியில் ஒன்று இருந்தது. மூணரை அடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பெருசையே போடுங்க பாய்."

"அண்ணே, மண்ணுல எறக்கிட்டா மாத்தித் தர முடியாது. எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

மன்னார்புரம் வரைக்குமா தெரிந்துவிட்டது! பிச்சமுத்துவுக்கு மானமே போய்விட்டது. வீட்டுக்கு வந்து, வாங்கப்போவதைச் சொன்னார்.

"மூணரை அடியா?" என்றாள் செல்லக்கிளி. "வாழை வரிசைக்கு நடுவுல எவ்வளவு எடம் இருக்கு?"

"ஆறடி. தாராளமாப் போகும்."

"அந்த ஆறடிக்கு நட்டநடுவுல என் கனகாம்பரம் நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"பூச்செடிதானே? ஓரமா நகத்தி வெச்சுக்க."

"ரெண்டு வருஷம் வேர் விட்ட செடிங்க. கட்டில்னு நெனச்சீங்களா, நகத்திப் போட?"

"பக்கத்து வயக்காட்டுப் பூவரசன் மூணரை அடிதான் வெச்சிருக்கான்."

"அவரு நெல்லு போடுறாரு. எந்தப் பக்கம் வேணாலும் ஓட்டுவாரு."

அவள் சொல்வது சரி என்று அவருக்கும் தெரிந்தது. அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வந்தது. பெரிசுதான், பெரிசுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"சரிங்க," என்றாள் அவள். "உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். அம்மன் முன்னால பூக்கட்டிப் பார்த்துடுவோம். செவ்வரளி வந்தா பெருசு, வெள்ளரளி வந்தா சின்னது. பக்கத்து வீட்டு ராசாத்தி எடுக்கட்டும்."

"பொட்டலத்தை நான் கட்டுறேன்."

"கட்டுங்க. நான் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடுறேன்."

பிச்சமுத்து ரெண்டு துண்டு வாழையிலையை எடுத்தார். ஒன்றில் செவ்வரளி வைத்துக் கட்டினார். இன்னொன்றிலும் செவ்வரளியே வைத்துக் கட்டினார். "தாயே, இருபத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை," என்று மனசார வேண்டிக்கொண்டு, மாரியம்மன் படத்துக்கு முன்னால் ரெண்டையும் வைத்துவிட்டு, ராசாத்தியைக் கூப்பிடப் போனார்.

ராசாத்தி வந்தாள். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளரளி.

பிச்சமுத்து பூவை உற்றுப் பார்த்தார். தன் கையால் கட்டிய சிவப்பு எப்படி வெளுத்தது? அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. பளார் பளாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?" என்றாள் ராசாத்தி.

"பக்தி," என்றார்.

அன்று மத்தியானமே பாய் கடைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டடி ரோட்டவேட்டரைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கினார்.

"வீட்ல கேட்டீங்களாண்ணே?"

"அதுக்கும் மேலிடத்துல கேட்டுட்டேன் பாய்."

திரும்பி வந்து அம்மனைக் கும்பிட்டபோது, பிரிக்காத பொட்டலம் அப்படியே கிடந்தது. மனசு கேட்கவில்லை. பிரித்தார்.

அதிலும் வெள்ளரளி.

பிச்சமுத்து ரெண்டு வெள்ளரளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று வெளுத்தால் அற்புதம். ரெண்டும் வெளுத்தால்? மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

செல்லக்கிளி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க செவ்வரளி ரெண்டையும் டிராக்டர் கைப்பிடியில சொருகிட்டேங்க. ஆசையாக் கட்டுனீங்க, வீணாப் போகக் கூடாதில்ல?"