நூறு சதவீத வேலைவாய்ப்பு

ஒரு காட்டில் மான்கள் தங்கள் பிள்ளைகளைப் புலியாக்க விரும்பின.

பேராசை என்று சொல்லிவிட வேண்டாம். காரணம் இருந்தது. அந்தக் காட்டில் தண்ணீருக்கு இருந்தது ஒரே ஓர் ஓடை. துறையில் ஒரு கொக்கு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும். விடியும்போது வந்து நின்றால் வெயில் உச்சிக்கு வரும்போது ஒரு வாய் தண்ணீர் கிடைக்கும். யானைகளுக்குத் தனி வரிசை. மயில்களுக்குச் சிபாரிசு. மான்களுக்கு நிற்பதற்கு நான்கு கால்கள் இருந்தன. நின்றன.

கொம்பையா என்ற புள்ளிமானுக்கு ஒரு கோடையில் நாற்பத்து மூன்றாம் டோக்கன் கிடைத்தது. நாற்பத்திரண்டு குடித்துவிட்டு நகர்ந்தாகிவிட்டது. நாக்கை நீட்டிக்கொண்டு கொம்பையா தண்ணீரைத் தொடப் போன நேரத்தில் புலி வந்தது. வரிசை சருகுபோலப் பறந்தது. புலி டோக்கன் வாங்கவில்லை. கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றது.

புலி போனபிறகு கொம்பையா திரும்பி வந்தது.

"நாற்பத்து மூணா? கூப்பிட்டாச்சே. நீங்கதான் எடத்துல இல்ல. நாளைக்கு வாங்க" என்றது கொக்கு.

காய்ந்த வாயோடு வந்த கணவனை மரிக்கொழுந்து ஏற இறங்கப் பார்த்தது. அப்போது அதன் வயிற்றில் பிள்ளை.

"நம்ம பிள்ளை வரிசையில நிக்கக் கூடாது. நம்ம பிள்ளையைப் பார்த்து வரிசை ஓடணும்" என்றது.

இப்படித்தான் அந்தக் காட்டில் கல்வி தொடங்கியது.

பிறந்த குட்டிக்குத் தளிர்மாறன் என்று பெயர் வைத்தார்கள். உடம்பைவிடக் காது பெரிது. மூங்கில் குருத்து மண்ணைப் பிளக்கும் சத்தம் அதற்குக் கேட்கும். சிறுத்தை மூன்று புல்வெளி தாண்டிப் பாதம் வைத்தால் கேட்கும். மரத்து உச்சியில் இருக்கும் மந்திகளே கீழே குனிந்து, "ஏலேய் தளிரு, ஏதாச்சும் வருதா?" என்று கேட்டுக்கொள்ளும்.

மான்கூட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எல்லோரும் தலை குனிந்து மேயும்போது ஒருவர் மட்டும் தலை நிமிர்ந்து நிற்பார். அவருக்கு அந்த வேளை புல் கிடையாது. ஆபத்து வந்தால் காலைத் தட்டிக் கூவுவார், மற்றவர்கள் பிழைப்பார்கள். தளிர்மாறனுக்கு அந்த இடத்தில் நிற்கத்தான் ஆசை.

"அது ஒரு வேலையாடா?" என்றது மரிக்கொழுந்து. "காது இருக்கிற எவனும் செய்வான். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில உன் பேருக்குப் பின்னாடி என்னன்னு போடறது? தளிர்மாறன், காதுன்னு போடறதா?"

"கேக்குதுல்லம்மா எனக்கு. கேட்டா சொல்லணும்ல?"

"கேட்டதையெல்லாம் சொல்றவன் உருப்பட்டதா சரித்திரமே இல்ல."

அந்தச் சமயத்தில்தான் காட்டின் கிழக்குக் கரையில் வேங்கைப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. நடத்தியவர் ஒரு நரி. எல்லோரும் நரி சார் என்றார்கள். மான் குட்டியைச் சேர்த்தால் போதும். பயிற்சி இலவசம், விடுதி இலவசம், மூன்று வேளையும் நல்ல தீனி. வாரம் ஒருநாள் புலியே நேரில் வந்து நேர்முகத் தேர்வு நடத்தும். தேர்வானவர்களை அன்றைக்கே கையோடு அழைத்துப் போய்விடும். பெரிய காட்டில் இளநிலைப் புலியாக நியமனம். வாசலில் எழுதியிருந்தது: நூறு சதவீத வேலைவாய்ப்பு.

விண்ணப்பப் படிவத்தில் பெயரை ஓரிடத்தில் கேட்டிருந்தார்கள். எடையை மூன்று இடத்தில் கேட்டிருந்தார்கள். மெதுவாக ஓடுபவர்களுக்கு முன்னுரிமை என்றும் இருந்தது.

"எடையை ஏன் இத்தனை தடவை கேக்கறாங்க?" என்றது கொம்பையா.

"ஆரோக்கியத்துல அவ்வளவு அக்கறை. நீ சும்மா இருய்யா. நாற்பத்து மூணாம் நம்பரு."

கொம்பையா சும்மா இருந்தது. அதற்கு அதில் நல்ல பழக்கம்.

மையத்தில் முதல் பாடம்: ஓடாதே. "ஓடுறவன் மான். நிக்கிறவன் புலி" என்று நரி சார் கரும்பாறையில் எழுதிப்போட்டார். இரண்டாம் பாடமும் அதுதான். கவனம் சிதறாமல் இருக்கக் குட்டிகளின் காதுகளைக் கொடியால் பின்னுக்கு இழுத்துக் கட்டினார்கள். மாதாந்தரத் தேர்வில் நரி சார் புதருக்குப் பின்னால் போய் உறுமுவார். அசையாமல் நின்றால் முழு மதிப்பெண். நடுங்கினால் பாதி. ஓடினால் பூஜ்யம்.

தளிர்மாறனுக்கு எல்லா மாதமும் பூஜ்யம். உறுமலுக்காகக்கூட அவன் காத்திருக்க மாட்டான். நரி சார் தொண்டையைச் செருமும்போதே வேலி தாண்டியிருப்பான்.

பக்கத்துப் புல்வெளிச் செவந்தியின் மகள் பூவிழி முதல் மாணவி. உறுமலின்போது அசை போடுவதைக்கூட நிறுத்தாதவள். முதல் நேர்முகத் தேர்விலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. செவந்தி காடு முழுக்க நெல்லிக்காய் கொடுத்தது. காகம் பேனர் அடித்துக் கொடுத்தது. காகத்திடம் இருந்தது ஒரே ஒரு மாதிரிதான். கண்ணீர் அஞ்சலிக்கு வைத்திருந்தது. மேலே எழுத்தை மாற்றிவிட்டு, படத்தைச் சுற்றி இருந்த மாலையை எடுக்க மறந்துவிட்டது. யாரும் குறையாக நினைக்கவில்லை. மாலை போட்டதில் பிள்ளை இன்னும் லட்சணமாக இருந்தாள்.

"எம்பொண்ணைப் பார்த்ததும் புலி சார் எந்திரிச்சிட்டாராம்க்கா. ஒரு கேள்வி கேக்கலையாம்" என்றது செவந்தி. "உங்க தளிருக்கு எப்போ?"

"வரும்" என்றது மரிக்கொழுந்து. நெல்லிக்காய் அன்று வழக்கத்தைவிடத் துவர்த்தது. "பூவிழி பேசினாளா?"

"எங்கக்கா. அவ்வளவு பெரிய காட்டுல டவர் இருக்குமா? வேலையில சேர்ந்துட்டா நம்மளை நினைக்கவும் நேரம் இருக்காது. நல்லா இருந்தா சரி."

வாரம் ஒரு பேனர் வந்தது. எந்தப் பிள்ளையும் விடுமுறைக்கு வரவில்லை. வராதது அந்தஸ்து என்று புல்வெளி முடிவு செய்தது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளைகளைப் பெற்ற கடமான்களைப் பார்த்து, "பாவம், சின்ன உத்தியோகம் போல" என்று புள்ளிமான்கள் பேசிக்கொண்டன.

பெற்றோர் கூட்டத்துக்கு மரிக்கொழுந்து போனது. மகன் அதை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அம்மா, பூவிழி இண்டர்வியூ அன்னிக்கு எனக்கு சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"எலும்பு சத்தம்."

"பெரிய இடத்துல சாப்பிட்டுக்கிட்டேதான்டா பேசுவாங்க. அவங்களுக்கு நேரம் ஏது?"

"அவ பேசவே இல்லம்மா."

"அதான் அடக்கம். அதுக்குத்தான் அவளுக்கு வேலை கெடச்சுது. நீயும் இருக்கியே, எது கேட்டாலும் வாலைத் தூக்கிக்கிட்டு."

தளிர்மாறன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கொம்பையா ஓடைக்கரையிலிருந்து வறண்ட வாயோடு வந்த அந்தக் கோடையை மரிக்கொழுந்து நினைத்துக்கொண்டது. நேராக நரி சாரிடம் போய் முன்னங்கால்களை மடக்கியது.

"சார், எப்படியாவது இவனையும் கரையேத்தி விடுங்க."

"என்னம்மா இது, எழுந்திரிங்க. நூறு சதவீதம்னு வாசல்லயே போட்டிருக்கேன். ஒரு குட்டியால அது தொண்ணூத்தொம்பது ஆகறது எனக்குப் பிடிக்குமா?" என்றார் நரி சார். அவர் அந்த ஆண்டில் நன்றாகச் சதை போட்டிருந்தார். "காதுதான் பிரச்சினை. நாங்க கட்டினா அவுத்துடறான். பெத்தவ கட்டினா அவுக்க மாட்டான். இந்தச் செவ்வாய்க்கிழமை நீங்களே கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை வந்தது. மரிக்கொழுந்து மகனை நக்கிச் சுத்தம் செய்தது. நெற்றிப் புள்ளியைத் தனியாக நக்கியது. பிறகு கொடியை வாயில் எடுத்து, அந்தப் பெரிய காதுகள் இரண்டையும் பின்னால் சேர்த்து இறுகக் கட்டியது.

"வலிக்குதா?"

"கேக்கலம்மா" என்றான் அவன். "என்ன சொல்ற?"

"நல்லா வருவேன்னு சொன்னேன்."

தேர்வு நடக்கும் இடம் ஒரு முள்வேலிக்குள் இருந்தது. மகனை உள்ளே அனுப்பிவிட்டு மரிக்கொழுந்து வெளியே நின்றது. அங்கே வேறு சத்தம் இல்லை. ஒரு கொன்றை மரம் மட்டும் பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தது.

நரி சார் மறந்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. மானுக்குக் காது தலையில் மட்டும் இல்லை. பஞ்சுப் பாதம் ஒன்று மண்ணில் அமர்ந்தது. தளிர்மாறனின் குளம்பு அதைக் கேட்டுவிட்டது. அவன் படித்த பாடம் நில் என்றது. பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் சேர்ந்து காலுக்குள்ளிருந்து ஓடு என்றார்கள். முள்வேலி பிய்ந்தது. தோள் கிழிந்து ரத்தம் வர, அவன் அம்மாவைத் தாண்டிப் பறந்தான். பின்னால் ஒரு பாய்ச்சல் வெறும் மண்ணில் விழுந்த சத்தம்.

நிராகரிப்புக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. நேர்முகத் தேர்வாளரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாக அதில் இருந்தது.

மரிக்கொழுந்து ஒரு வாரம் யார் கண்ணிலும் படாமல் புதருக்குள் மேய்ந்தது. கொம்பையா மட்டும் மகனின் தோள் காயத்துக்கு மூலிகை மென்று வைத்தது. வைத்துக்கொண்டே, "ஓடத் தெரிஞ்சிருக்கே. போதும்" என்று முணுமுணுத்தது. மனைவியின் காதில் விழாத அளவுக்குத்தான்.

ஆறு மாதத்தில் மையம் காலியானது. எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. நரி சார் பெருமையோடு அறிவித்துவிட்டு அடுத்த காட்டில் கிளை திறக்கப் போனார். செவ்வாய்க்கிழமை வந்தது, மையத்தில் ஒருவரும் இல்லை. புலி சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு மேற்கே நடந்தது.

புல்வெளியில் மான்கள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. பெற்றோர்கள்தான், குட்டிகள் யாரும் இல்லை. தலை நிமிர்ந்து நிற்கும் முறை அன்று யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது. வேலைவெட்டி இல்லாதவன் ஒருவன் இருந்ததால் அவன் நின்றான்.

தளிர்மாறன் காலைத் தட்டினான். வாலைத் தூக்கினான். கூவினான்.

மந்திகள் மரத்தில் இருந்து அதை வாங்கிக் கத்தின. மறுநொடி புல்வெளியில் ஒரு மான் இல்லை. முதலில் ஓடியது மரிக்கொழுந்து. கோரைக்கு நடுவில் பதுங்கியிருந்த புலி ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு, இன்று ஆகாது என்று திரும்பிப் போனது.

மலைச்சரிவில் போய்த்தான் கூட்டம் நின்றது. எல்லோருக்கும் விலா துடித்தது. முதலில் மூச்சு வந்தது செவந்திக்கு.

"டேய், அறிவு இருக்கா உனக்கு?" என்று தளிர்மாறன்மீது பாய்ந்தது. "புலி சாரே நம்ம எடம் தேடி வந்திருக்காரு. பூவிழி எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரே ஒரு வார்த்தை. கெடுத்துட்டியேடா, பாவி."

"சாப்பிடறாளா, தூங்கறாளான்னு நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றது இன்னொரு தாய்.

"இனிமே பொறக்கப் போற எங்க சின்னவனுக்கும் ஒரு வேலை சொல்லி வச்சிருக்கலாம்" என்றது ஒரு கலைமான்.

"தனக்குக் கெடைக்கலைங்கிற பொறாமை. வேறென்ன?"

அப்படியானால் நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் காட்டில் உள்ள பேனர்களையெல்லாம் இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கும்.

தளிர்மாறன் அம்மாவைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். மரிக்கொழுந்தின் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. அதை அது மென்றது, விழுங்கியது.

"மன்னிச்சிடுங்க" என்றது. "எங்க வம்சத்துல யாரும் இப்படிக் கிடையாது. சின்ன வயசுல இருந்தே இவனுக்குக் காது கொஞ்சம் சரியில்ல."

கூட்டம் பெருந்தன்மையாக மன்னித்தது.

அன்றிலிருந்து மரிக்கொழுந்து எங்கே மேய்ந்தாலும் மகனுக்கு நாலடி தள்ளித்தான் மேய்கிறது. யாராவது பார்த்தால் பத்தடி தள்ளிப் போகும். பார்க்காதபோது ஒட்டி நிற்கும். அவன் தலை நிமிர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் அதற்குப் புல் இறங்குகிறது. நல்ல கொழுந்தாகப் பார்த்து ஒரு வாய் ஒதுக்கி, அவன் காலடியில் போட்டுவிட்டு, தவறி விழுந்ததுபோல நகர்ந்துவிடும்.

"பையன் இப்போ என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "அடுத்த வருஷத் தேர்வுக்குத் தயார் பண்றான்" என்று சொல்லும்.

நீதி: பிள்ளை உயிரோடு வீட்டில் இருப்பது பெற்றோருக்கு நிம்மதிதான், ஆனால் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியாது.