கைப்பிடிக் கம்பிக்கு அனுமதி மறுத்தவன் எழுதுவது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று இந்த வீட்டில் தீர்ப்பாகிவிட்டதால் கேட்காமலே மேலே போகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். நேரில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய். என் கையெழுத்தைப் பார்த்தால் கடிதத்தையும் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்று பயந்து, உறை மேல் விலாசத்தை இவளை எழுதச் சொன்னேன். ஏமாற்றுவேலைதான். நீ என்னோடு பேசி நாற்பது நாளாகிறது, வேறு வழி தெரியவில்லை.

மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு அவள் ஊருக்கே போகிறாயாமே. உன் மகள் இவளிடம் சொல்லி, இவள் என்னிடம் சொன்னாள். அந்த வீட்டை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெளியே தங்காதவள் நீ. போகிறாய் என்றால் அது என்னால்தான். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எல்லாம் என் வீண் ஜம்பத்தில் ஆரம்பித்தது. பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கு நான் தலைவராகிப் பதினோரு வருடமாகிறது, முப்பது கட்டடங்களைப் பட்டியலில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாசலிலும் பித்தளைத் தகடு அடித்து, எங்களைக் கேட்காமல் வீட்டுக்காரர் ஒரு ஜன்னல் கொக்கியைக்கூட மாற்ற முடியாதபடி செய்து வைத்திருந்தோம். ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் துணைத்தலைவர், எதற்கெடுத்தாலும் ‘அத்தாட்சி உண்டா?’ என்று கேட்டுக் கேட்டு அத்தாட்சி என்றே பெயர் வாங்கிவிட்ட மனிதர், “தலைவர் வீட்டுது ஒண்ணுகூட இல்லையே” என்று சும்மா சொல்லிவைத்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் இருப்பதோ லிப்ட் வைத்த அடுக்குமாடியில் நாலாவது மாடி. அதற்குத் தகடு அடிக்க முடியாது. அப்பா வீடு ஞாபகம் வந்தது. அதில் நீ குடியிருக்கிறாய் என்பது ஞாபகம் வரவில்லை. நாலு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினேன், அதில் இரண்டரைப் பக்கம் அந்த மரப் படிக்கட்டைப் பற்றி. நூற்றுப்பத்து வருடப் பழமை என்று போட்டேன். கையெழுத்துக்கு உன்னிடம் வந்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தாய். “இதனால எனக்கு ஒண்ணும் தொந்தரவு வராதேடா?” என்றாய். “உனக்கென்னக்கா தொந்தரவு, பெருமைதான்” என்றேன். பால் பொங்குகிற அவசரத்தில் போட்டுக்கொடுத்தாய். பொங்கட்டும் என்று காத்திருந்துதான் நான் காகிதத்தை நீட்டினேன்.

அதற்குப் பிறகு நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். முன்பக்கத்துக் கொடியில் துணி காயப்போடக் கூடாது என்று கடிதம் அனுப்பியது நான்தான். குடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரை எதுவும் வாசலில் தெரியக் கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். மாதத்தில் முதல் ஞாயிறு பொதுமக்கள் பார்வைக்கு என்று அறிவித்து, நீ தலை வாரிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு பேரைச் செருப்போடு உள்ளே அழைத்துவந்தேன். கேமராவோடு வந்த ஒரு அம்மாள், “கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, படிக்கட்டு மறைக்குது” என்று உன்னைச் சொன்னபோது, நீ என்னைப் பார்த்தாய். நான் அந்த அம்மாளுக்குப் படிக்கட்டின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு உன் முழங்கால் தகராறு. அடுப்படி கீழே, குளியலறை மாடியில், நடுவே பத்தொன்பது படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சுவரோரமாக ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்திக்கொள்ளலாமா என்று கட்டம் போட்ட தாளில் அழகாக விண்ணப்பம் எழுதி அனுப்பினாய். என் அக்காவின் விண்ணப்பம் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். கேள், அத்தாட்சியே “வயசானவங்க, பாவம், பார்த்துச் செய்யலாமே” என்றார். நான்தான் எழுந்து நின்று, “விதி எல்லோருக்கும் ஒண்ணுதான். என் கூடப் பிறந்தவளா இருந்தாலும் அந்தச் சுவத்துல ஒரு ஆணி இறங்க விடமாட்டேன்” என்றேன். கைதட்டினார்கள், அக்கா. நடுநிலை தவறாத மனிதர் என்று செய்திமடலில் போட்டார்கள். அதை வெட்டி வைத்திருந்தேன். முப்பது வருடம் லிப்ட் ஆய்வாளராக இருந்து, ஊரில் இருப்பவர்கள் பத்திரமாக மேலே போய்க் கீழே வருகிறார்களா என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு லிப்டில் கைப்பிடி ஆடினால்கூட ஓடவிட மாட்டேன்.

அடுத்த மாதம் நீ விழுந்தாய். மணிக்கட்டு முறிந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத்தான் முதலில் போன் செய்தாய். “தம்பி, படியில விழுந்துட்டேன்டா” என்றாய். நான் என்ன கேட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் எழுதியாக வேண்டும். “எந்தப் படி? மரம் எதுவும் விரிசல் விட்டிருக்கா?” என்று கேட்டேன்.

“படி நல்லா இருக்குடா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

பக்கத்தில் நின்ற இவள் அதைக் கேட்டுவிட்டாள். “அண்ணி கை உடைஞ்சு கெடக்காங்க, நீங்க மரத்தைப் பத்திக் கேக்கறீங்க. மனுசன்தானா நீங்க?” என்று கேட்டதோடு சரி, அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன். மாவுக்கட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் அந்தப் பையை அப்படியே பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தாய். அவர் எனக்கே ஒன்று உரித்துக் கொடுத்தார். தின்றேன்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படிக்கட்டுக்கு நூற்றுப்பத்து வயது இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பத்து வயதில் பழைய படியைக் கரையான் தின்றுவிட்டது என்று அப்பா பிய்த்தெறிந்து, பழ மண்டியிலிருந்து பெட்டிப் பலகைகளை வாங்கிவந்து, லீவு நாட்களில் தானே அடித்துச் சேர்த்த படி அது. பலகையை எல்லாம் நீதான் தலையில் சுமந்து வந்தாய். ஐந்தாவது படிக்கு அடியில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று அச்சு இன்னும் தலைகீழாக இருக்கிறது. நீ சங்கத்துக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பட்டியலிலிருந்து வீட்டை எடுத்திருப்பார்கள், கம்பியும் வந்திருக்கும், கையும் உடைந்திருக்காது. நீ சொல்லவில்லை. பத்து பேர் முன்னால் தம்பி பொய்யனாக நிற்கக் கூடாது என்று நினைத்தாய். இது எனக்கு உறைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உறைத்த அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இவளிடம் சொல்லாதே.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெட்டிப் பலகை உட்பட. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அத்தாட்சி மட்டும், வழக்கம்போல, “இதுக்கு அத்தாட்சி உண்டா?” என்றார். “அஞ்சாவது படிக்குக் கீழே குனிஞ்சு பாருங்க” என்றேன். ராஜினாமாக் கடிதத்தையும் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனிமேல் அந்தச் சங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். வீடு பட்டியலிலிருந்து போய்விடும், தகட்டை நானே வந்து கழற்றுகிறேன், நீ இஷ்டப்படி கம்பி வைத்துக்கொள்ளலாம், வாசலில் எந்த நிறத்து நாற்காலி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கு மட்டும் போகாதே, அக்கா.

ஆசீர்வாதம் கேட்க எனக்கு முகமில்லை. திட்டாகவாவது நாலு வார்த்தை எழுதினால் அதையே ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வேன். உன் மகளுக்கு என் அன்பு. மாவுக்கட்டை நனைக்காதே.

இப்படிக்கு,
உன் தம்பி
(முன்னாள் தலைவர்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தாட்சி வந்துவிட்டார். மேலே எழுதியது எதுவும் செல்லாது. நீ உன் மகளோடு டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, செயற்குழு மொத்தமும் டார்ச்சோடு படிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறது. பெட்டிப் பலகையில் ஒரு தகப்பனார் தானே செய்த படிக்கட்டு பட்டியலில் வேறு ஒன்றுகூட இல்லையாம். வீட்டை முதல் தரத்துக்கு உயர்த்திவிட்டார்கள். இனி அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கவே மூன்று பேர் அனுமதி வேண்டும்.

போகிறபோக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். விதியை மீறுகிறவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸ், தலைவர் கையெழுத்து இல்லாமல் செல்லாதாம். அவர் கையோடு கொண்டுவந்திருந்த என் ராஜினாமாவைத் திரும்ப வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப்போட்டேன். என் தலைவர் பதவிக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை உன் பெயருக்கு வருகிற எந்த நோட்டீஸிலும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை டிரில்லோடு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று மட்டும் தெரிய வேண்டும். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். கை எட்டுகிற இடத்தில், அந்தச் சுவரில், பென்சிலால் ஒரு கோடு போட்டு வை.