குடம் ஏறாத பிக்கப்

ஒரு காட்டில்... இருங்கடா, அதுக்குள்ள சிங்கம் எங்கன்னு தேடாதீங்க. வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கிற லட்சணத்தப் பாத்தா, நீதி வந்ததும் திருந்தி நேரா வீட்டுக்குப் போயிருவீங்க போல இருக்கு. ஒருத்தனும் திருந்த மாட்டீங்க. சும்மா கேளுங்க.

அந்தக் காட்டுல சடையாண்டின்னு ஒரு கரடி. அவன்கிட்ட ஒரு பிக்கப் வண்டி. ஊருக்குள்ள அந்த மாதிரி வண்டிய குட்டியானைம்பாங்க. காட்டுல அப்படிச் சொல்ல முடியாது, நெசமான குட்டியானையோட அம்மா வந்து என்ன விஷயம்னு கேக்கும். அதனால பிக்கப்தான்.

கோடை வந்தா மலை உச்சியில சுனை வத்திப் போகும். அங்க இருக்கிறது யானைக் கூட்டம், அதுக்குத் தலைவி பெரியநாயகி ஆத்தா. அடிவாரத்து ஓடையிலேருந்து குடம் குடமா தண்ணி மேல போகணும். அந்தத் தண்ணி நடை காலங்காலமா குப்பாண்டின்ற கழுதைகிட்ட இருந்துச்சு. சடையாண்டி கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கோடைக்குத் தன் பக்கம் திருப்பிட்டான். ஆத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அமாவாசை அன்னிக்கு உச்சிப்பொழுதுக்குள்ள மொத நடை வந்துரணும், குட்டிங்க தாகத்தோட நிக்கும். வரலைன்னா நடை மறுபடியும் கழுதைக்கே.

நடை போச்சுன்னா சடையாண்டி பொழப்பு போச்சு. வண்டி சும்மா நிக்கும், கறையான் புத்து கட்டும், புத்தப் பாத்தா கரடிக்கு நாக்கு ஊறும், கடைசில அவனே வண்டியத் தோண்டித் தின்னுருவான். இத நெனச்சு நெனச்சு அவனுக்குத் தூக்கமே இல்ல.

ஒரு தடவ ஓட்டிப் பாத்தான். பாதையா அது, ஆட்டுக்கல்லு. பாதி மலை ஏறுறதுக்குள்ள குடத்துல இருந்த தண்ணியெல்லாம் அவன் முதுகுல இருந்துச்சு. நனைஞ்ச கரடியா நேரா கொளஞ்சிகிட்ட போனான். கொளஞ்சி மரங்கொத்தி, காட்டுக்கே ஒரே மெக்கானிக். வண்டிக்கு அடியில பூந்து டொக்கு டொக்குன்னு எல்லாத்தையும் கொத்திப் பாத்துட்டு வெளிய வந்தான்.

சடையாண்டி, குலுக்கத்தத் தாங்குற ஷாக்க மட்டும் மாத்திக் குடுண்ணேன்னான்.

"ஆக்சில் மாத்தாம ஷாக்க மாத்துறது, வேட்டி கட்டாம துண்டு போட்ட மாதிரி மாப்ள. பாக்குறவன் எதப் பாப்பான்?"

அது சரியாத்தான் பட்டுச்சு. சேத்து வெச்சிருந்த தேனடையில பாதி கைமாறுச்சு. தொடை தண்டிக்கு ஆக்சில் வந்துச்சு. ஷாக் வந்துச்சு. அடியில வில்லு மாதிரி வளைஞ்சு பாரம் தாங்குற கமான் பட்டை நாலு கூடுதலா அடிச்சாச்சு. மலையவே தூக்கி வெச்சாலும் அசையாதுன்னு கொளஞ்சி சத்தியம் பண்ணான். சடையாண்டி சந்தோஷமா ஏறி வண்டிய எடுத்தான்.

வண்டி தவளை மாதிரி குதிச்சுச்சு. ஒவ்வொரு குழிக்கும் அவன் மண்டை கூரையில இடிச்சுது. காது ரெண்டும் சப்பையாகி திரும்பி வந்தான்.

கொளஞ்சி அசரல. பட்டை கூடுதலா போட்டா காலி வண்டி அப்படித்தான் குதிக்கும், எப்பவும் பின்னாடி ஒரு வெயிட்டு கெடக்கணும்னான். பாறாங்கல்ல ஏத்திரலாமான்னு சடையாண்டி கேட்டான். அதுக்கு அந்த மரங்கொத்தி சொன்ன பதில்லதான் கதையே இருக்கு.

"கல்ல ஏத்துனா கல்லு மட்டுந்தான் இருக்கும் மாப்ள. பாட்டுப் பெட்டிய ஏத்து. வெயிட்டும் ஆச்சு, பாட்டும் ஆச்சு."

மிச்ச தேனடையும் போச்சு. பீரோ உசரத்துக்கு ஸ்பீக்கர், அதுக்கு மேல ஆம்ப்ளிஃபையர், இண்டு இடுக்குல உருண்டை உருண்டையா ஹாரன், சுத்தி பச்ச செவப்பு லைட்டு. எல்லாத்தையும் ஆட்டம் காணாம வெல்டு வெச்சாச்சு. இப்ப வண்டி குதிக்கல. தொட்டில் மாதிரி போச்சு. சடையாண்டி ஓட்டிப் பாத்துட்டு அழுதுட்டான், அவ்வளவு சுகம்.

அமாவாசைக்கு மொத நாளு சாயந்தரமே ஓடைக்கரையில குடத்தையெல்லாம் ரொப்பி வரிசையா வெச்சான். தளும்பாம இருக்க ஒவ்வொரு குடத்து வாயிலயும் ஒரு கொத்து வேப்பிலை சொருகுனான். காலையில வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வெச்சு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி, சுத்தபத்தமா வந்து பின்கதவத் தொறந்தான்.

தொறந்தவன் அப்படியே நின்னான். பெட்டி, பெட்டி, பெட்டி. குடம் இல்ல, ஒரு சொம்பு வெக்க எடமில்ல. தண்ணி ஏத்தத்தான் இவ்வளவும் பண்ணோம்ன்றது அவனுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

வேடிக்க பாக்க வந்த குப்பாண்டி எட்டிப் பாத்துச்சு.

"ஏன் சடையா, தண்ணிய எங்க ஊத்தப் போற, ஸ்பீக்கர் வாயிலயா?"

சொல்லிட்டு சிரிச்சுது பாருங்க, கழுதை சிரிப்பு, மலையில மோதி திரும்பத் திரும்ப வருது. அதக் கேக்க முடியாமத்தான் சடையாண்டி பாட்டப் போட்டான். பம்பையும் உடுக்கையும் சேந்து அடிக்கிற பாட்டு. வால்யூம எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகுனான். ஓடையில மீனு ஒரு சாண் மேல எந்திரிச்சு உக்காந்துச்சு.

சத்தம் கேட்டு காடே ஓடியாந்துச்சு. மாலை போட்ட வண்டி, வேப்பிலை சொருகுன குடம், பம்பை உடுக்கை. ஒரு மானுக்கு நின்ன எடத்துலயே அருள் வந்து ஆட ஆரம்பிச்சிருச்சு. எந்தக் கோயில் தீர்த்தம்னு முயல் கேட்டுச்சு. சடையாண்டிக்கு எதுவும் காதுல விழல. ஆத்தா கால்ல விழுந்து உண்மையச் சொல்லிருவோம்னு மனசத் தேத்திக்கிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, வண்டிய மெதுவா மேல விட்டான்.

மொத வளைவுல கண்ணாடியப் பாத்தான். பின்னாடி மான் தலையில ஒரு குடம். அதுக்குப் பின்னாடி முயலு, நரி, காட்டுப்பன்னி, குரங்குங்க குடும்பத்தோட, எல்லார் தலையிலயும் குடம். எல்லாம் ஆடிக்கிட்டே வருதுங்க, ஆனா ஒரு சொட்டு சிந்தல. சிந்துனா சாமி குத்தம்ல. கடைசியா குப்பாண்டி. காலமெல்லாம் முதுகுல சுமந்தவன், இன்னிக்குத் தலையில வெச்சுக்கிட்டு கண்ண மூடி வர்றான். எல்லாரும் தூக்கும்போது நாம சும்மா நின்னா நல்லாருக்காதுன்னு நெனச்சிருப்பான்.

சடையாண்டி வாயத் தொறந்தான். அப்புறம் மூடிக்கிட்டான். அப்புறம் அடுத்த பாட்டப் போட்டான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னாடியே மேல போய்ச் சேந்தாச்சு. குட்டிங்க ஓடி வந்து மொதக் குடத்துல தும்பிக்கைய விட்டுச்சுங்க. தூக்கிட்டு வந்தவங்கல்லாம் பிரசாதம் எங்கன்னு வரிசையில நின்னாங்க. சடையாண்டி அவங்க கொண்டாந்த தண்ணியிலயே ஒரு கை அள்ளி அவங்க தலையிலயே தெளிச்சான். கும்பிட்டுட்டுப் போனாங்க.

பெரியநாயகி ஆத்தா மிச்சக் குடத்த ஒவ்வொண்ணா எட்டிப் பாத்தா. அத்தனையும் தளும்பத் தளும்ப இருந்துச்சு. இனிமே எல்லாக் கோடையும் நடை ஒனக்குத்தாம்பான்னு சொல்லிட்டு, வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தா.

"இந்தப் பாதையில துளி சிந்தாம கொண்டாந்திருக்க. ஷாக்கு மாத்துனியா?"

"ஆமா ஆத்தா"ன்னான் சடையாண்டி. "ஆக்சிலும்."

நீதி: தூக்க முடியாதவன் மொதல்ல நல்ல ஸ்பீக்கரா வாங்கணும், தூக்குறதுக்கு ஆளு தானா வரும்.

என்னடா மொறைக்கிறீங்க. அந்த வரிசையில நானும் ஒரு குடம் தூக்குனவன்தான். பாட்டு நல்லா இருந்துச்சு.